பாரா, தூளா?

திருப்பாதிரிப்புலியூரில்
டயர் கடை மாடியில் இங்கிலீஷ் வகுப்பு.
முதல் நாள், மாலை ஏழு மணி.
பிலோமினா மிஸ் சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டுச் சொன்னார்:
"முதல்ல ஐஸை உடைக்கலாம்."

நான் கை தூக்கினேன்.
"பாரா, தூளா மிஸ்?"

சிரித்தார்கள்.
எனக்கு என்ன தெரியும்.
பதினோரு வருஷமாக முதுநகர் துறைமுகத்தில்
ஐஸ் உடைப்பதுதான் என் வேலை.
ஒரு பார் ஐம்பது கிலோ.
கொக்கி போட்டு இழுத்து, பலகையில் சறுக்கவிட்டு
கிரஷர் வாய்க்குள் தள்ள வேண்டும்.
அது கடிக்கிற சத்தத்தில்
பக்கத்தில் பேசுவது கேட்காது.
அதனால் நாங்கள் பேசுவதுமில்லை.
அம்மோனியா நெடி சட்டையை விடாது.
டவுன் பஸ்ஸில் என் பக்கத்துச் சீட்
கடைசியாகத்தான் நிரம்பும்.

மிஸ் விளக்கினார்:
முன்பின் தெரியாதவர்கள் கூடுகிற இடத்தில்
முதல் பேச்சு வராமல் ஒரு குளிர் நிற்குமாம்.
யாராவது ஒருவர் அதைத் தட்ட வேண்டுமாம்.

நோட்டில் எழுதிக்கொண்டேன்.
ஆனாலும் மனசு ஒப்பவில்லை.
நம் ஊரில் ஐஸை ஆளுக்கு உடைப்பதில்லை,
வைக்கிறோம்.
மேஸ்திரிக்கு வைக்கிறோம்,
கவுன்சிலருக்கு வைக்கிறோம்.
பெண் பார்க்கப் போன வீட்டில்
கேசரி பிரமாதம் என்று நானும் வைத்தேன்.
கேசரி கடையில் வாங்கியதாம்.

மிஸ் அந்த 'பிரேக்'கைப் போர்டில் எழுதி
கீழே கோடு கோடாக இழுத்தார்.
கயிறு அறுந்தாலும் அதுதானாம்.
கை முறிந்தாலும் அதுதான்.
பென்சில் முனை ஒடிந்தாலும்,
நிச்சயம் நின்றுபோனாலும்,
பொழுது விடிந்தாலும்கூட.
இத்தனைக்கும் ஒரே சொல்லா,
பாவம், அது எப்படித் தூங்கும்?

முன்வரிசை மெஹராஜ்,
நர்ஸ் வேலைக்கு அயர்லாந்து போகப்போகிறவள், கேட்டாள்:
"நோன்பை நாங்க திறப்போம் மிஸ்.
அங்க அதையும் உடைக்கிறாங்களா?"
"உடைக்கிறாங்க."
எழுதாமல் கொஞ்ச நேரம்
பேனாவைப் பிடித்தபடி இருந்தாள்.

பிறகு மிஸ் சொன்னார்:
பக்கத்தில் இருப்பவரிடம் திரும்புங்கள்.
இரண்டு நிமிஷம். இங்கிலீஷ் மட்டும்.

என் பக்கத்தில் தேசிங்கு.
வேறு நாற்காலி காலியில்லை.

சோனங்குப்பத்துக்காரன், விசைப்படகு.
போன வருஷம் தடைக்காலம் முடிந்த வாரம்
முப்பத்தெட்டு பார் கடனுக்கு எடுத்தான்.
நான்தான் ஜாமீன் சொன்னேன்.
மீன் படவில்லை என்றான்.
முதலாளி என் சம்பளத்தில் மூன்று மாசம் பிடித்தார்.
அதிலிருந்து எதிரெதிரே வந்தால்
அவன் வலையைப் பார்ப்பான்,
நான் கொக்கியைப் பார்ப்பேன்.

தமிழில் அவனைத் திட்ட
ஒரு வருஷமாக ஊறப்போட்ட சொற்கள் இருந்தன.
இங்கிலீஷில் இருந்தது நான்கு வாக்கியம்.

மை நேம் இஸ் தனவேல்.
வாட் இஸ் யுவர் நேம்?
அவன் பெயர் எனக்குத் தெரியாத மாதிரி.
அவனும் நெற்றியைச் சுருக்கி யோசித்து,
மை நேம் இஸ் தேசிங்கு, என்றான்.
வாட் இஸ் யுவர் ஜாப்?
ஐ பிரேக் ஐஸ்.
நைஸ், என்றான். ஐ பை ஐஸ்.

கடனுக்கான சொல் இன்னும் பாடத்துக்கு வரவில்லை.
ஜாமீனுக்கும் வரவில்லை.
இறந்தகாலம் பன்னிரண்டாம் தேதிதான் ஆரம்பிக்குமாம்.
அதுவரை எங்களுக்குள்
எதுவும் நடந்திருக்கவில்லை.

மாடிப்படி இறங்குகையில்
தமிழ் திரும்பி வந்துவிட்டது.
இரண்டு படி முன்னால் போனவன்
திரும்பிப் பார்க்காமல் சொன்னான்:
"விடியக்காலை நாலு பார் வேணும். ரொக்கம்."

முப்பத்தெட்டைப் பற்றி அவனும் பேசவில்லை.
நானும்.
"பாராவா, தூளாவா?" என்றேன்.

அந்த நேரம் பார்த்து
டயர் கடைக்காரர் ஷட்டரை இழுத்தார்.
தேசிங்கின் வாய் அசைந்ததைப் பார்த்தேன்.